இடது தோள் இறங்கிய சட்டை

டெய்லருக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் அவர் தொலைத்தது ஒரே ஒரு ஆளைத்தான். ஆனால் அந்த ஆள் கூடப்பிறந்த அண்ணன்.

முப்பது வருடம் இருவருக்கும் ஒரே கடை. அண்ணன் வெட்டுவார், தம்பி தைப்பார். அண்ணனுக்குப் பார்வை மங்கத் தொடங்கிய சமயம், ஒரு கோட்டுத் துணி தப்பாக வெட்டுப்பட்டுவிட்டது. வாடிக்கையாளர்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "கண்ணு தெரியலைன்னா வீட்ல உக்காரு. இனிமே கத்தரியைத் தொடாதே" என்று தம்பி கத்தினார். அண்ணன் கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஆறு வருடம் ஆகிவிட்டது. அத்தனை நீளமான வாய், மன்னிப்புக் கேட்க மட்டும் எட்டவில்லை.

இந்த வருடம், தெருவுக்குத் தெரு கிளை திறந்திருக்கும் பர்கர் கடையிலிருந்து சீருடை தைக்கும் வேலை வந்தது. முப்பது சிவப்புச் சட்டைகள் போன மாதமே போய்விட்டன. மிச்சம் பத்தைக் கொண்டுபோன மத்தியானம் மேனேஜர் அவரை விடவில்லை.

"எங்க சட்டையெல்லாம் தைக்கிறீங்க, ஒரு நாளாவது எங்க பர்கரைச் சாப்பிட்டிருக்கீங்களா மாஸ்டர்? சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

கையில் ஒரு நம்பர் சீட்டைக் கொடுத்தார்கள். யாராவது கொண்டுவந்து வைப்பார்கள் என்று டெய்லர் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கவுண்டர் பெண் அந்த நம்பரை ஏலம் விடுவதுபோல் நாலு தடவை கூவிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பர்கரை எந்தப் பக்கம் கடித்தாலும் எதிர்ப் பக்கம் சரக்கு வெளியே வந்தது. பாதியோடு போதும் என்று தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். மற்றவர்கள் அவரவர் தட்டை அவரவரே எடுத்துப்போய்க் கொட்டுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. அசடு வழியத் திரும்பினார்.

அதற்குள் ஒரு பெரியவர் குனிந்து அந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. சிவப்புச் சட்டை இடது தோளில் இறங்கி, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. டெய்லருக்குத் தெரிந்த தோள் அது. அந்தத் தோளுக்கு உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும். முப்பது வருடம் அப்படித் தைத்துக் கொடுத்தவர் அவர்தானே.

பெரியவர் நிமிர்ந்தார். சோடாப்புட்டிக் கண்ணாடி.

"நீங்க விட்டுட்டுப் போங்க சார், நான் எடுத்துக்கறேன்."

தம்பியைப் பார்த்து, சார். 'அண்ணே' என்பது டெய்லரின் தொண்டைவரை வந்தது. அத்தனை பேர் எதிரில் வெட்கம் பிடுங்கியது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியேறினார். கண் தெரியாததால் அண்ணனுக்கு அடையாளம் தெரியவில்லை, நல்லதாகப் போயிற்று என்று வழியெல்லாம் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு பர்கரு?" என்று மனைவி கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார்.

"கூப்பிட வேண்டியதுதானே? உங்க அண்ணன்தானே, ஊரான் வீட்டு ஆளா?"

ஒரு வாரம் தூக்கமில்லை. சிவப்புத் துணி எடுத்து, இடது தோளுக்குப் பஞ்சு வைத்து ஒரு சட்டை தைத்தார். "அண்ணே, தப்பு என்னோடது. கடைக்கு வா" என்பதையும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

மேசை துடைக்கும் பெரியவருக்கு என்று நீட்டிய சட்டையை மேனேஜர் விரித்துப் பார்த்தார். "இது அந்தப் பெரியவருக்கா? அவர் வேலையை விட்டு நின்னுட்டாரே மாஸ்டர். நீங்க வந்துட்டுப் போன மறுநாளே."

"ஏன்?"

"நீங்க அவர் தம்பியாமே! சட்டை குடுத்த அன்னிக்கே காலரைத் தடவிப் பார்த்து, 'இது என் தம்பி தையல்'னு இங்க வேலை பாக்கற பசங்ககிட்ட சொன்னாராம். அன்னிக்கு உங்க தட்டைக் கொட்டவே மனசு வரலை அவருக்கு. 'பாதியில எந்திரிச்சுட்டான், பசியோட போறான்'னு சொல்லிட்டே இருந்தார். 'நான் இங்க இருந்தா அவனுக்குச் சங்கடம்'னு சொல்லிட்டு நின்னுட்டார்."

டெய்லர் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டார். "வீடு எங்கேன்னு தெரியுமா?"

"அதையும் காலி பண்ணிட்டார்னு பசங்க சொன்னாங்க. இருங்க, அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பர் எழுதிக் குடுத்திருந்தார்."

மேனேஜர் கோப்பைப் புரட்டி நம்பரைப் படிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே டெய்லருக்குத் தெரிந்துவிட்டது. அது அவருடைய தையல்கடை நம்பர். மேனேஜர் பாட்டுக்கு மிச்சத்தையும் நிதானமாகப் படித்து முடித்தார்.