பிறக்காதவனுக்கு லைசென்ஸ் இல்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் பயம் பழகிவிடும். நன்றாக ஓட்டுகிறவனைத் திருப்பி அனுப்புவதுதான் பழகாது. என்னைப்போல் இடதுபக்க சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைக்கும் வாத்தியார்களே, உங்களிடமும் ஒரு செல்வராசு வந்திருப்பான்.

முதல் நாளே பாஸ்

ரிங்லெட் என்கிற எங்கள் மலையூரில் என் பள்ளிக்கு அவன் வந்தபோது நல்ல மழை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன். திரிங்காப்பில் காய்கறித் தோட்ட வேலை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். வழுக்கும் ஏற்றத்தில் நிறுத்தி, கார் பின்னால் நழுவாமல் கிளப்பினான். அசந்துபோய் அடையாள அட்டையை, ஐ.சி.யைக் கேட்டேன். இல்லை என்றான். அப்பா அம்மா கல்யாணத்தையும் பதியவில்லை, இவன் பிறந்ததையும் பதியவில்லை. இருவரும் இப்போது உயிரோடு இல்லை. ஐ.சி. இல்லாமல் பரீட்சைக்கே உட்கார முடியாதப்பா என்றேன். ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

"தினம் முதலாளி லோரிய ஓட்டுறேண்ணே. போலீஸப் பார்த்தா கை நடுங்குது. நடுங்காம ஓட்டணும், அவ்வளவுதான்."

அடுத்த வீட்டுக்காரர்

பிறப்பைப் பதிய, சின்ன வயதிலிருந்தே அவனை அறிந்தவர் சாட்சி சொன்னால் உதவும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். முதலாளி மணியம் அதே லயனில், அடுத்த வீட்டில் வளர்ந்தவர். நானே போய்க் கேட்டேன். லோரியில் கோஸ் ஏற்றுவதைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்:

"ஐ.சி. கிடைச்சா லைசென்ஸ் எடுப்பான், லைசென்ஸ் எடுத்தா வேற தவுக்கே, வேற முதலாளிகிட்ட போயிடுவான் லா. எனக்கென்ன பைத்தியமா?"

கியா பார்ம் இறக்கம்

விடுமுறை நாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடைகள் முன்னால் ஒரே கூட்டம். ஒரு மாணவியோடு நானும் கார் வரிசையில் மாட்டியிருந்தேன். ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு இறக்கத்தில் மணியத்தின் லோரி வந்தது. பிரேக் பிடிக்கவில்லை. செல்வராசு லோரியைத் திருப்பி மலைச்சரிவில் மோதி நிறுத்தினான். கூட்டத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவன் கால்தான் நசுங்கியது. நானும் கடைக்காரர்களும் அவனை இறக்கிப் படுக்க வைத்தோம். மணியமும் வந்து சேர்ந்தார். இவன் யார் என்று தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் கேட்டார். செல்வராசு தலையைத் தூக்கி முதலாளியைப் பார்த்தான்.

"தெரியல சார். லோரியத் திருடிக்கிட்டு வந்திருப்பான்."

நான் உண்மையைச் சொன்னேன். திருட்டுக் கேஸ் நிற்கவில்லை, ஐ.சி. இல்லாத கேஸ் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, கள்ளத்தனமாக வந்த வெளிநாட்டுக்காரர்களை அடைக்கிற தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

அவனை எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று இன்னும் யோசிக்கிறார்களாம். ரிங்லெட் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் என்று நான் சொன்னால் யாரும் சிரிக்கக்கூட மாட்டேன் என்கிறார்கள்.