உள்ளே வந்ததற்கு எழுத்து இல்லை

தங்கவயல் ஊரிகத்தில் ஒரு பழைய ஒர்க்‌ஷாப் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். எல்லாம் டைப்ரைட்டர்தான். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று என் சொந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். அங்கே கேட்டுகளில் உள்ளே போவதை யாரும் பார்ப்பதில்லை. தங்கம் போகிறதா என்று வெளியே வருவதைத்தான் தடவிப் பார்ப்பார்கள். அதனால் நானும் கேட் நோட்டில் எழுதி வைக்கவில்லை.

மேனேஜர் ஆசைப்பட்டார் என்று அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டதும் அவர் முதலில் அடித்தது, என்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம்.

"அதான் கம்ப்யூட்டர் கீதே, நீ இன்னாத்துக்கு?" என்றார்.

என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் நோட்டைப் புரட்டினார். "உள்ள வந்ததா எழுத்தே இல்லியே சார். கம்பெனி பொருளு, வெச்சிட்டுப் போங்க."

இப்போது வேறு ஆபீஸ். சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கேட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இங்கேயும் டைப்ரைட்டர்தான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று மூச்சுவிடவில்லை.