இரண்டாவது தூணுக்கு இடம்

கார் லிஃப்ட் பூட்டுகிற வேலையில் நான் பயப்படுவது கரண்டுக்கும் இல்லை, ஹைட்ராலிக் பம்புக்கும் இல்லை. தரைக்குத்தான். எங்கள் இலங்கை ஊவா மலைகளில் சமதரை வேண்டுமென்றால் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித்தான் எடுக்க வேண்டும். மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் வெட்டியது எது, கொட்டியது எது என்று கண்ணுக்குத் தெரியாது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

லுணுகலைக்குப் பக்கத்தில் செல்வராஜ் என்று ஒரு மெக்கானிக். ஸ்கூல் வேன்களை வீட்டு கராஜிலேயே பழுது பார்க்கிறவர். வருஷக்கணக்காக வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து முதுகு போய்விட்டது. இனி படுத்து வேலை செய்தால் நடமாட்டமே நின்றுவிடும் என்று பதுளையில் டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாது. இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியைத் தூக்கும் டூ-போஸ்ட் லிஃப்ட், யாரோ பாவித்த பழையது ஒன்றை வாங்கிப்போட்டு என்னைக் கூப்பிட்டார்.

நாங்கள் போய் இறங்கும்போதே வானம் கறுத்திருந்தது. லொறி ஓட்டி வந்த நஸீர் நானா சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே நின்றார். “கெதியா முடிங்க, மழைக்கு முந்தி நான் பண்டாரவளை போகோணும்.” எனக்கும் ஓர் இடத்தில் நிற்க முடியாத சுபாவம். இரண்டு பேரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? தரையைத் தட்டிப் பார்க்காமலே டிரில்லை எடுத்தேன்.

மேட்டுப் பக்கம், கராஜுக்கும் வீட்டு ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரோரம் முதல் தூண். டிரில் வெள்ளைத் தூளாகக் கொட்டியது, தூணைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் கல்லில் அடித்ததுபோல் பிடித்தது. இரண்டாவது தூண் பள்ளத்துப் பக்கம். டிரில் பாதி போனதும் சடக்கென்று உள்ளே விழுந்தது. இழுத்தால் செம்மண். சுத்தியலால் தரையைத் தட்டினேன். காலிப் பானைச் சத்தம். கொட்டிய மண் மழைக்கு இறங்கி, கான்கிரீட் அந்தரத்தில் கிடந்தது.

செல்வராஜுக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

“இன்னும் நாலு போல்ட்டு சேத்து அடிச்சுப் பாக்கலாமேண்ணே.”

“மண்ணுல அடிச்சா என்னா பிடிக்கும் தம்பி? வேனோட சாயும். நீங்க அடியில நிப்பீங்க.”

“ஒடச்சுத் தோண்டி ஆழமா கான்கிரீட் போட்டா?”

பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கராஜைத் தாங்கிய கல்கட்டு ஏற்கெனவே வயிறு தள்ளி நின்றது. அதற்கு நேர் கீழே ஒரு வீட்டின் குசினி, அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் இங்கே தோண்டினால் மொத்தமும் அவர்கள் தலையில் இறங்கும்.

“முடியாது தம்பி. லிஃப்டை வித்துருங்க.”

செல்வராஜ் முதுகைப் பிடித்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தார். நான் கராஜுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். லொறியில் நஸீர் நானா ஹோர்ன் அடித்தார். எரிச்சல் யார் மேல் என்றே தெரியவில்லை.

அவருடைய மனைவி பரமேஸ்வரி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். வாசற்படியில் நின்றபடியே கேட்டார், “மொதத் தூணு மட்டும் எப்புடிங்க நிக்குது?”

“அது வெட்டுன பக்கம்மா. கெட்டி மண்ணு.”

“அப்ப எங்க ஹாலுக்குக் கீழ?”

“அதுவும் கெட்டிதான்.”

சொன்ன பிறகுதான் அவர் பேச்சை எங்கே கொண்டுபோகிறார் என்று எனக்கு உறைத்தது. சுவரை உடைத்து லிஃப்டை ஹால் பக்கம் தள்ளினால் இரண்டு தூணும் கெட்டி மண்ணில் நிற்கும். ஆனால் அந்த ஹாலை நான் பார்த்திருந்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைவிட்டு வந்து கட்டிய வீடு. டைல்ஸ் பளபளத்தது, சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“அது ஒன்னோட ஆசைடி,” என்றார் செல்வராஜ். “சொந்தக்காரங்க வந்தா எங்க உக்கார வைப்ப?”

“குசினியில உக்காரட்டும். லயத்துல ஒரே காம்பராவுல ஒம்பது பேரு கெடந்தோம், அப்பயும் சனம் வரத்தான் செஞ்சிச்சு.”

சொல்லிவிட்டுப் பரமேஸ்வரி உள்ளே போனார். டிவியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிக்கு நடந்தார். நஸீர் நானா லொறியை விட்டு இறங்கி வந்து, சோபாவின் மறுபக்கத்தைத் தூக்கினார்.

அன்று முதல் தூணைக் கழற்றி, லிஃப்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். அவர்கள் சுவரை உடைத்து, கூரையை உயர்த்தி, டைல்ஸைப் பெயர்த்துக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுகிய பிறகு போய்ப் பூட்டினேன். எல்லா போல்ட்டும் பிடித்தது. முதல் வேன் மேலே போனது. செல்வராஜ் அதன் அடியில் போய் நின்றார். குனியாமல், படுக்காமல் நின்றார். ஸ்பேனரை எடுக்கக்கூட மறந்து சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பரமேஸ்வரியிடம் மெதுவாகச் சொன்னேன், “ஹால் போயிருச்சேம்மா.”

“மனுசன் படுத்துட்டா எம்புட்டுப் பெரிய வீடும் பத்தாதுங்க,” என்றார். சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தார்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் அளக்கிற டேப்பை எடுக்குமுன் சுத்தியலால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன். தரை சரியில்லை என்றால் ‘முடியாது’ என்று உடனே சொல்வதில்லை. வீட்டில் உள்ளவர்களையும் கொஞ்சம் வரச் சொல்லுங்கள் என்கிறேன்.