ஸ்டாண்ட்பை என்று எழுதிய மோட்டார்

ஜூன் மாதம், காலை ஆறு மணி. டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பம்ப் ஹவுஸில் மெயின் பிரேக்கர் மூன்றாவது நாளாக டிரிப் ஆகி விழுந்து, பதினைந்து ஹெச்.பி. மோட்டார்கள் இரண்டும் நின்றுபோயின. வெளியே வாளிகளோடு கூட்டம். உள்ளே எலெக்ட்ரிகல் இன்ஜினியரான நான், பம்ப் ஆபரேட்டர் ராம்பால், என் மேலதிகாரி வெங்கடேசன் சார்.

"நாப்பது ஆம்ப்ஸ் பிரேக்கரை எடுத்துட்டு அறுபத்துமூணு போடும்மா. ஜல்தி. எல்லாரும் என்னைப் பிச்சுத் தின்னுடுவா."

பேனலுக்கு வரும் கேபிளைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை.

"பிரேக்கர் சரியாத்தான் விழுது சார். கேபிள்தான் பத்தல. பெரிய பிரேக்கர் போட்டா அது விழாது, கேபிள் எரியும்."

"சைஸ் போட்டது யாரு?"

"நான்தான்."

டிராயிங்கில் ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை, முதலாவது பழுதானால் மட்டும் ஓடும் என்று எழுதியிருந்தேன். ஒரு மோட்டாருக்கு இருபத்தொரு ஆம்பியர், பாதுகாப்புக்குக் கால் பங்கு கூட்டினால் இருபத்தாறு. ஆறு ஸ்கொயர் எம்.எம். அலுமினியம் கேபிள் தாராளம். கூட்டலில் பிழை இல்லை. புத்தியில்தான் பிழை.

ராம்பால் இந்தியில் சொன்னார்: தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம், அது விழும் தரைத்தொட்டி, சம்ப், சின்னது. வர வர மேலே ஏற்றாவிட்டால் நாலாவது மாடிக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறாராம். குளிரில் தாங்கிய பிரேக்கர் வெயிலில் விழுகிறது.

இரண்டும் ஓடினால் ஒன்றுக்குக் கால் பங்கு கூட்டி, அடுத்ததை அப்படியே சேர்க்க வேண்டும். நாற்பத்தேழு. டில்லி வெயிலுக்குக் கேபிள் தாங்கும் அளவு இன்னும் குறையும். பதினாறு ஸ்கொயர் போட்டிருக்க வேண்டும்.

"ரெண்டே நாள் ஓட்டு. அப்புறம் கேபிளை மாத்திக்கலாம்" என்றார் சார்.

ராம்பாலின் இரும்பு நாற்காலி அந்தக் கேபிளை ஒட்டியே கிடந்தது. கீழே ஈரத்தரை. கேபிள் உருகினால் நாற்காலியில் கரண்ட் பாயும்.

"போடமாட்டேன் சார். வேணும்னா போடச் சொல்லி நீங்க எழுதிக் குடுங்க."

"திமிரு ஜாஸ்தி உனக்கு. தப்பு உன்னோடதுன்னு நீ எழுதிக் குடு, பாப்போம். மெமோ வரும்."

அங்கேயே, ராம்பாலின் லாக் புக்கில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். சார் வாங்கிப் படித்துவிட்டு, தண்ணீர் டேங்கருக்குப் போன் செய்தார்.

இரண்டு நாள் ஒரே மோட்டார்தான் ஓடியது. நான் அங்கேயே நின்றேன். "ரெண்டை வெச்சுண்டு ஒண்ணை ஓட்டறேளே, அறிவிருக்கா?" என்று மேல்மாடிக்காரர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தானே.

புதுக் கேபிள் வந்து பழையதை உருவியபோது, நாற்காலி கிடந்த இடத்தில் உள்ளே இன்சுலேஷன் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. ராம்பால் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மெமோ வந்தது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, சுவிட்ச் போடுகிறவரிடம் "எதெது சேர்ந்து ஓடும்?" என்று கேட்காமல் நான் ஒரு கேபிளுக்கும் சைஸ் போட்டதில்லை. டிராயிங் போட்ட அன்றே ராம்பாலிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை.