வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

ஹாஸெல்பிரிங்க் கார் தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை எழுதிய ஆள் செத்தே முப்பது வருஷம் ஆகியிருக்கும். எங்கள் கம்பெனி செய்த வண்டியில் வேலைக்கு வருகிறவர்கள் வாசலை ஒட்டிய ஒன்றாம் நம்பர் மைதானத்தில் நிறுத்தலாம். வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் ரயில் பாதைக்கு அப்பால், சர்க்கரைக் கிழங்கு வயலை ஒட்டியிருக்கும் ஏழாம் நம்பர் மைதானத்துக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து வாசலுக்குப் பதினெட்டு நிமிட நடை. சரக்கு ரயில் வந்துவிட்டால் ரயில்வே கேட்டை மூடிவிடுவார்கள், அன்றைக்கு வேலைக்குத் தாமதம்.

இந்தச் சட்டத்தை நிர்வாகத்தைவிடக் கறாராகக் காத்தவள் டோர்டெ கால்விட்ஸ். கதவு வரிசையில் எனக்குப் பக்கத்து இடம் அவளுடையது. நான் கண்ணாடி ஏற்றும் மோட்டாரை முடுக்குவேன், அவள் கதவைச் சுற்றி ரப்பர் பட்டையைப் பொருத்துவாள். இருபத்திரண்டு வருஷம் இப்படி. என் பெண்டாட்டி முகத்தைவிட டோர்டெ முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ரப்பரைக் கட்டைவிரலால்தான் அழுத்திப் பதிக்க வேண்டும். பதினெட்டு வயதில் வந்தவள், நாற்பது வருஷம் அழுத்தியதில் இரண்டு கட்டைவிரல்களும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. ஆனால் காது என்றால் அது காது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். யாராவது கதவைச் சாத்தினால் போதும், "கீழ் மூலையில பிதுங்கியிருக்கு பாரு" என்பாள். போய்ப் பார்த்தால் பிதுங்கியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு வெள்ளை கீபிட்ஸ் வாங்கினாள். கீபிட்ஸ் எங்கள் கம்பெனியின் சின்ன வண்டி. வயல்வெளியில் கத்திக்கொண்டு திரியும் ஆள்காட்டிக் குருவியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். நர்ஸ், வாத்தியார், ரொட்டிக்கடைக்காரர், நாங்கள் என்று ஊரே அதில்தான் போனது. டோர்டெ அதற்குப் பிறகும் ஐந்து கீபிட்ஸ் வாங்கினாள், ஒன்று போனால் இன்னொன்று. கல்யாணமான கையோடு புருஷன் ஹென்னிங்குடன் ஆல்ப்ஸ் மலை தாண்டி இத்தாலிக்குப் போனதும் அந்த வெள்ளை வண்டியில்தான். பாதி மலையில் இஞ்சின் சூடாகி இறங்கித் தள்ளினோம் என்று ஹென்னிங் இன்றைக்கும் சொல்வார். "தள்ளல. வண்டிகூடச் சேர்ந்து கொஞ்சம் நடந்தோம்" என்பாள் டோர்டெ.

மூன்றாவது குழந்தை பிறந்தபோது நான் ஒரு கொரியா வண்டி வாங்கினேன். ஏழு வருஷ உத்தரவாதம் கொடுத்தான், விலையும் கட்டுப்படியானது. விஷயம் தெரிந்த அன்று டோர்டெ ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "தின்னது செரிக்குமாடா தீலோ உனக்கு?" அதன்பிறகு ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு ஏழு மாதம் ஒருத்தியால் வாய் திறக்காமல் இருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் அவளாகவே ஒருநாள், "உன் வண்டிக் கதவு தகர டப்பா மாதிரி சாத்துது, கேட்கச் சகிக்கல" என்றாள். அதைக் கேட்பதற்காகப் பதினெட்டு நிமிடம் நடந்துபோய் ஏழாம் நம்பர் மைதானத்தில் நின்றிருக்கிறாள்.

பிறகு மேலே இருக்கிறவர்களுக்குப் புத்தி கெட்டது. இதை மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சின்ன வண்டியில் லாபம் போதவில்லை, இனி நாம் வசதியானவர்களின் கம்பெனி என்று சொல்லி நான்கு வருஷத்துக்கு முன்னால் கீபிட்ஸை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக இரண்டரை டன் எடையில் மின்சார வண்டிகள் வந்தன. விலையைக் கேட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். சாஃப்ட்வேர் வேலை முடியவில்லை என்று நான்காயிரம் வண்டிகள் பழைய விமானத் திடலில் ஒரு வருஷம் மழையில் நின்றன. எங்கள் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருந்த சீனாக்காரன், இனி நானே செய்துகொள்கிறேன் என்று திரும்பிக்கொண்டான். ஐந்து வருஷத்தில் மூன்று தலைவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் பலகையில் கம்பெனிப் பெயரின் எழுத்தை ஒல்லியாக்கினார்கள், பிறகு ஆட்களைக் குறைத்தார்கள்.

இந்தக் கதையெல்லாம் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வந்தது. எங்களுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்த கீபிட்ஸ்கள் ஒவ்வொன்றாகச் சாக, ஒன்றாம் நம்பர் மைதானம் காலியானது, ஏழாம் நம்பர் நிறைந்தது. காலை ஐந்தரை மணி இருட்டில் நூற்றுக்கணக்கான பேர் தண்டவாளம் தாண்டி வரிசையாக நடந்துவருவோம். டோர்டெ மட்டும் தன் சாம்பல் நிறக் கீபிட்ஸை வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டு, எங்களைப் பார்த்தும் பாராமல் உள்ளே போவாள்.

போன இலையுதிர் காலத்தில் அந்த வண்டியும் அரசாங்கப் பரிசோதனையில் தோற்றது. அடித்தகடு துருவில் கரைந்துபோயிருந்தது. ஹென்னிங்குக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி, வாரம் மூன்று நாள் பக்கத்து ஊருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரம். கம்பெனி ஊழியர்களுக்குக் கொடுக்கும் மாத வாடகைத் திட்டத்தில் இருப்பதிலேயே மலிவான வண்டிக்குக் கேட்டாள். சம்பளத்தில் பாதி போய்விடும் என்று தெரிந்தது. பழைய கீபிட்ஸ் தேடி மூன்று மாநிலம் அலைந்தாள். வைத்திருக்கிறவர்கள் விற்க மாட்டோம் என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை, ஏழாம் நம்பர் மைதானத்தில் நான் கதவைப் பூட்டும்போது பக்கத்தில் ஒரு புத்தம்புது சீன வண்டி வந்து நின்றது. உள்ளிருந்து டோர்டெ இறங்கினாள். தண்டவாளம் வரைக்கும் பேசாமல் நடந்தோம்.

"ஏதாவது சொல்லித் தொலையேன்டா" என்றாள்.

"தின்னது செரிக்குதா?"

அடிக்க வருவாள் என்று நினைத்தேன். "செரிக்கல" என்றாள். "கடையில அந்தக் கதவ இருபது தடவ சாத்திப் பார்த்தேன், தீலோ. ஏதாவது ஒரு மூலையிலயாவது பிதுங்கியிருக்கும்னு. ஒன்னுமில்ல. நல்லாத்தான் பண்ணியிருக்கானுங்க. அதான் வயிறு எரியுது."

அப்போது எங்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கீபிட்ஸுக்கு வாரிசாக ஒரு சின்ன மின்சார வண்டிக்கு வரைபடம் தயாராகி இரண்டு வருஷமாக நிர்வாகத்தின் மேஜையில் கிடந்தது. தொழிலாளர் குழுத் தலைவன் ஹார்ட்விக் அதைக் கண்ணால் பார்த்திருந்தான். எங்கள் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலை. அது எங்கள் தொழிற்சாலைக்கு வந்தால் ஊர் பிழைக்கும். வராவிட்டால் மூன்று வருஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மார்ச் மாதம் பொதுக்கூட்டம் போட்டார்கள். கீபிட்ஸ் நின்றதிலிருந்து காலியாகக் கிடந்த நான்காம் கூடத்தில் இரண்டாயிரம் பேர் நின்றோம். புதுத் தலைவர் டாக்டர் மெர்ட்டென்ஸ் திரையில் படம் காட்டி அரை மணி நேரம் பேசினார். "பாதை", "பயணம்", "பாய்ச்சல்" என்று சொன்னாரே தவிர வண்டி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. கேள்வி நேரம் வந்ததும் டோர்டெ ஒலிவாங்கியிடம் போனாள்.

"கதவு வரிசை, டோர்டெ கால்விட்ஸ். நாப்பது வருஷ சர்வீஸ். ஒரே ஒரு கேள்விங்க. நீங்க காட்டுன படத்துல அஞ்சு வண்டி இருந்துச்சு. அதுல நான் வாங்கக்கூடியது எது?"

"ஊழியர்களுக்கு வாடகைத் திட்டம் ஒன்னு இருக்கு, திருமதி கால்விட்ஸ்…"

"இருக்குங்க, பார்த்தேன். அதுல சேர்ந்தா வாசல்ல வண்டி நிக்கும், வீட்டுக்குள்ள ஹீட்டர் எரியாது."

கூடம் சிரித்தது. ஹார்ட்விக் பின்னாலிருந்து, "டோர்டெ, சுருக்கமா" என்றான்.

"நாப்பது வருஷம் சுருக்கமாத்தான் இருந்தேன், ஹார்ட்விக். இப்ப நீ சும்மா இரு." திரும்பவும் மேடையைப் பார்த்தாள். "ஒன்னாம் நம்பர் மைதானத்தைப் போய்ப் பாருங்க, காக்கா உக்காந்திருக்கு. ஏழாம் நம்பர்ல நிறுத்த இடமில்ல. மழையில பதினெட்டு நிமிஷம் நடந்து வந்து, எங்களால வாங்க முடியாத வண்டியச் செஞ்சிட்டுப் போறோம். செய்யறவங்களுக்கே எட்டாத வண்டிய வேற யாருங்க வாங்குவா? அந்தச் சின்ன வண்டிய எங்களுக்குக் குடுங்க. அவ்வளவுதான்."

விசில் சத்தத்தில் கூரை அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். டாக்டர் மெர்ட்டென்ஸ் கையை நெஞ்சில் வைத்தார். "நீங்க சொன்னது என்னைத் தொட்டுடுச்சு. மூனு வாரத்துல நானே பதில் சொல்றேன்." அவருடைய உதவியாளப் பெண் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

அந்த மூன்று வாரமும் டோர்டெ பத்து வயது குறைந்தவள்போல் இருந்தாள். இரண்டாவது வாரம் வெளியாட்கள் இரண்டு பேர் வந்து நான்காம் கூடத்தை லேசர் கருவியால் அளந்தார்கள். "புது வரிசை போடத்தான்டா அளக்கறாங்க" என்றாள். இடைவேளையில் ரொட்டியைத் தின்றுகொண்டே, சின்னக் கதவுக்கு ரப்பரை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று காற்றில் செய்து காட்டினாள். நானும் நம்பினேன்.

மூன்றாவது திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் இரண்டு பக்கக் கடிதம் தொங்கியது. முதல் பக்கம், திருமதி கால்விட்ஸின் துணிச்சலான பேச்சுக்கு நன்றி என்று ஆரம்பித்தது. ஊழியர்களின் சிரமம் நிர்வாகத்துக்குப் புரிந்துவிட்டதாம். நாளை முதல் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஒன்றாம் நம்பர் மைதானத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாம் பக்கத்தில், சின்ன வண்டியைக் கூட்டாளிக் கம்பெனி ஒன்று வெளிநாட்டில் செய்யும் என்றும், நான்காம் கூடம் சரக்குக் கிடங்காக வாடகைக்கு விடப்படும் என்றும் ஆறு வரி இருந்தது.

பலகைக்கு முன்னால் நின்றவர்கள் முதல் பக்கத்தைப் படித்ததும் கைதட்டினார்கள். எனக்கு அது கனவில் நடப்பதுபோல் இருந்தது. வர்ணக்கூடத்துப் பெண்கள் வந்து டோர்டெயைக் கட்டிப்பிடித்தார்கள். "ஜெயிச்சிட்ட டோர்டெ! ஐம்பது வருஷத்துல எவனுக்கும் முடியாதது!" ஒன்பது மணி இடைவேளையில் ஹார்ட்விக் ஒரு செர்ரி கேக்கோடு வந்தான்.

டோர்டெ கேக்கைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "நான் என்ன கேட்டேன், ஹார்ட்விக்?"

"தெரியும், தெரியும். ஆனா இதுவாவது கிடைச்சுதே. ஜனங்க சந்தோஷமா இருக்காங்க, கெடுக்காத."

"நான் காரைக் கேட்டேன்!" அவள் கத்தியதில் பக்கத்து வரிசைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். "கார் நிறுத்தற இடத்தையா கேட்டேன்? ரெண்டாம் பக்கத்த எவனாவது படிச்சீங்களா? மூனு வருஷத்துல இங்க நிறுத்தறதுக்கு எவன் வரப்போறான்?"

எல்லோரும் படித்திருந்தார்கள், நானும்தான். ஹார்ட்விக் கேக்கை வெட்டிக் காகிதத் தட்டுகளில் வைத்தான், எடுத்துக்கொண்டோம். நன்றாகத்தான் இருந்தது.

ஷிப்ட் முடியும் நேரத்தில் டோர்டெ என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாள். "தப்பு எம்மேலதான். மழை, பதினெட்டு நிமிஷம்னு உளறிட்டேன். அந்தப் பொண்ணு அத மட்டும் எழுதிக்கிட்டா. இனி ஒன்னே ஒன்னுதான் பாக்கி, தீலோ. நாளைக்கு ஒருத்தரும் அங்க நிறுத்தக் கூடாது. மைதானம் காலியா கிடந்தா, அந்தத் தலைவன் மேல ஜன்னல்லேருந்து பார்ப்பான். நாம கேட்டது இது இல்லன்னு புரியும்."

"சரி" என்றேன்.

"மத்தவங்ககிட்டயும் சொல்றேன். நீயும் சொல்லு."

"சொல்றேன்" என்றேன். இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்களும் சரி என்றார்கள்.

மறுநாள் காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் தண்டவாளம் வரைக்கும் போனேன், அது சத்தியம். கேட் மூடியிருந்தது, எனக்கு முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நானும் திருப்பினேன். ஒன்றாம் நம்பர் மைதானத்தில் கொரியா, ஜப்பான், பிரான்ஸ் என்று எல்லா நாட்டு வண்டியும் நெருக்கியடித்து நின்றன. வாசலிலிருந்து முப்பது அடியில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. மேலே தலைவர் அறை ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டோர்டெ இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் காய்ந்த தோளைப் பார்த்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டு முதல் ரப்பரை எடுத்தாள்.

மூன்று கதவுகள் போனபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. "நாளைக்கு நானும் ஏழாம் நம்பர்லதான் நிறுத்துவேன், டோர்டெ. சத்தியமா."

அவள் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"நாளைக்கு மழை இல்லன்னு ரேடியோல சொல்லியிருக்கான்டா."