இரும்புச் சட்டமும் மடித்துக் கட்டிய வேட்டியும்

எழுபதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் தற்காலிக இன்ஜினியர். முதலாளி அந்தத் ‘தற்காலிக’த்தை மட்டும் அழுத்திச் சொல்வார். மூட்டை தூக்குகிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ள ஓர் இரும்புச் சட்டம் செய்திருந்தேன். முதுகுக்குக் குழாய், தொடைக்கு வார், முழங்காலுக்கு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங். அவர்கள் மூட்டையைக் கையால் வாரி எடுத்ததும் நான் பின்னால் நின்று பிரேக் கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். பாரம் முதுகுக்கு வராமல் சட்டத்தில் இறங்கிவிடும். சனிக்கிழமை முதலாளி முன்னால் இது ஒழுங்காக நின்றால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் திங்கட்கிழமை வரவே வேண்டாம்.

மாட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டவர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடைத்தெருவில் முப்பது வருஷமாக அரிசி மூட்டை சுமப்பவர். எல்லாம் தலைச்சுமைதான்.

“கையில எடுத்தா அது மூட்டையா சாரே, கொச்சுப் பிள்ளையில்லா?” என்று சிரித்தார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிச் சட்டத்துக்குள் புகுந்து, மூட்டையை வாரி எடுத்தார். நான் கம்பியை இழுத்தேன். “அய்யோ, கனமே தெரியல்லியே!” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

இங்கே பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். இரண்டு கையிலும் மூட்டை இருந்ததால் அவர் பாவம், தவித்தபடி அப்படியே நின்றார். விட்டது நான். என் ஒரே பேன்ட்டைக் கிரீஸ் பாழாக்கியிருந்ததால் அன்று நானும் மடித்துக் கட்டிய வேட்டிதான். என் கை கம்பியை விட்டுவிட்டு வேட்டிக்குப் போய்விட்டது. சட்டம் மடங்கியது. அவர் பொத்தென்று உட்கார்ந்தார். மூட்டை முதலாளி காலடியில் வெடித்தது. நான் மட்டும் வேட்டியை இறக்கிவிட்டு, மகா மரியாதையாக நின்றேன்.

“யாருவே விட்டது?” என்றார் முதலாளி.

நான் குனிந்து அரிசியை அள்ளத் தொடங்கினேன்.

“ஞான்தான் சாரே. உங்களைக் கண்டதும் வேட்டிய இறக்கப் போனேன், கை விட்டுப் போச்சு” என்றார் அரிசிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர்.

முதலாளிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவருடைய மரியாதைக்காக விழுந்த மூட்டை அல்லவா! மெஷினில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லி, சனிக்கிழமை வரைகூடக் காத்திராமல் அங்கேயே என்னை நிரந்தரமாக்கினார்.

வார்களை அவிழ்க்கும்போது மூட்டைக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

“என்னை யாரு சாரே வெளியே தள்ளுவா? எனக்கு யூனியன் உண்டு” என்றார். “உங்களுக்கு யாரு உண்டு?”