உள்ளங்கை வாடை

இலத்தூர் ஸ்டான்லி சாரல் காலம் முழுவதும் ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர். பதினெட்டு வருடமாகப் போடுகிறார். சட்டி எண்ணெயை அவர் மாற்றுவதில்லை. குறைந்தால் மேலே ஊற்றுவார். ஊற்றுவதும் ஓட்டல்கள் பொரித்து முடித்துக் கழிக்கிற எண்ணெய்தான். தார் நிறத்தில், விளிம்பில் நுரை கட்டி, அடியில் கரி மண்டிக் கிடக்கும். மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைத் தெளித்தால் சிப்ஸுக்கு நிறம் வந்துவிடும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு அகோரப் பசி. யாரும் எண்ணெயை எட்டிப் பார்த்ததில்லை.

தன் வீட்டுக்கும் சபைக் குருவானவர் வீட்டுக்கும் மட்டும் தனிச் சட்டியில் புதுத் தேங்காயெண்ணெய் காய்ச்சுவார்.

சென்ற ஆடியில் ஒரு ஞாயிறு, சர்ச்சில். திருவிருந்தில் முழங்காலிட்டு, வலக்கையை இடக்கைமேல் வைத்து நீட்டினார். குருவானவர் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது அப்பத்தில் பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவிய கை. இருந்தும் வாயில் போட்டுக்கொண்டார். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வீடு வரை நடந்து, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

அடுத்த மாதம் திருவிருந்துக்கு அவர் எழுந்து போகவில்லை. மனைவி பெர்சிஸ் காரணம் கேட்டாள், சொன்னார். ஐந்தருவியில் எந்தக் கடையில் புது எண்ணெய் கொதிக்கிறது, இதைத் தின்று இதுவரை யார் செத்தார்கள் என்று அவள் கேட்டாள். மனசு உறுத்தினால் குருவானவரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

போனார். எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்கக் குருவானவரின் முகம் மாறியது.

"எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தது எந்த எண்ணெய்?"

"அது தனி எண்ணெய், ஐயா. புதுசு."

குருவானவர் மூச்சு விட்டார். பிறகு ஸ்டான்லியின் தலையில் கைவைத்து, பாவங்கள் மன்னிக்கப்பட வேண்டுமென்று ஜெபித்து அனுப்பினார். படியிறங்கும்போது ஸ்டான்லிக்கு அந்த மனிதர்மேல் அருவருப்பாக இருந்தது. கேட்டைத் திறக்கும்போதுதான், அதே கேள்வியைத்தான் பதினெட்டு வருடமாகத் தானும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது உறைத்தது. நம் வாய்க்குப் போவது எது, ஊரார் வாய்க்குப் போவது எது.

மறுநாள் காலை சட்டியை இறக்கினார். ஓடையில் ஊற்ற முடியாது. கீழே ஆட்கள் குளிக்கிறார்கள். தகர டின்னில் ஊற்றி வைத்துக்கொண்டு முழித்தார். பக்கத்துக் கடையில் பஜ்ஜி போடும் தளவாய் வந்தான்.

"என்னத்துக்கு அண்ணாச்சி வீணாக்குதிய? எங்கிட்ட தாங்க."

கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்காததால் பாவமும் டின்னோடு போய்விட்டதுபோல் இருந்தது. அந்த நிம்மதி மத்தியானம் வரை நின்றது.

மத்தியானம் தளவாய் கடைமுன் ஒரு குடும்பம் ஈரத்தலையோடு நின்று வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது. சிறுமி ஒருத்தி விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினாள். மோவாயில் கறுப்பாக எண்ணெய் வழிந்தது. பெண்டாட்டியிடம் சொல்லியாகிவிட்டது, குருவானவரிடம் சொல்லியாகிவிட்டது. தின்றவர்கள் ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை.

கிட்டப் போனார்.

"பிள்ளைக்குக் குடுக்காதிய. கெட்டுப்போன எண்ணெய். நான்தான் இவனுக்குக் குடுத்தேன்."

"என்ன அண்ணாச்சி, பாதிரியார் மந்திரிச்சு விட்டுட்டாரா?" என்று தளவாய் இளித்தான்.

சிறுமியின் தகப்பன் ஸ்டான்லியை உற்றுப் பார்த்தார். "நேத்து உங்க கடையிலதானே சிப்ஸ் வாங்கினோம்?"

"ஆமா. அதே எண்ணெய்தான்."

அந்த மனிதர் வாயிலிருந்ததை ஸ்டான்லியின் காலடியில் துப்பினார். மென்ற மாவு கரண்டைக்காலில் தெறித்தது. ஸ்டான்லி துடைக்கவில்லை. தளவாய் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்க, டின்னில் மிச்சமிருந்ததைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கடைக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டி மண்ணை மூடினார். தளவாயின் சட்டியில் இருந்தது கொதித்துக்கொண்டேதான் இருந்தது.

அடுத்த திருவிருந்துக்கு எழுந்து போனார். கையை நீட்டினார். வாடை போகவில்லை. அந்த வாடையோடேயே மென்று விழுங்கினார்.